பள்ளிக்கு வெல்டிங் மெஷின் வாங்கித் தருவதற்கு முன்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை பக்கம் பட்டறை, அரிசி ஆலை, டிராக்டர் ஏஜென்சி வைத்திருக்கும் அனைவருக்கும் ஒரு வேண்டுகோள். பக்கத்து அரசு மேல்நிலைப் பள்ளியின் தொழிற்கல்விப் பிரிவில் பிள்ளைகள் வெல்டிங் கற்க உதவ வேண்டும் என்று தோன்றினால், முதல் வேலையாக மெஷின் வாங்காதீர்கள். வெல்டிங்கில் உருக்கி ஒட்டும் ராடும், அடித்துப் பழக இரும்பு பிளேட்டும் கொடுங்கள். வாரத்தில் இரண்டு மணி நேரம் ஒரு நல்ல மாஸ்டரை அனுப்புங்கள்.

காரணம் எளிய கணக்குதான். கை படிய வேண்டும் என்றால் ஒரு மாணவர் ஒரு செய்முறை வகுப்பில் 10 ராடாவது உருக்க வேண்டும். 20 பேர், வாரம் ஒரு வகுப்பு, வருடத்துக்கு 30 வாரம் என்றால் 6,000 ராடு. 3.15 மி.மீ. தடிமன், 350 மி.மீ. நீளமுள்ள 6013 என்ற ரக ராடு ஒன்று ஏறக்குறைய 30 கிராம். ஆக 180 கிலோ ராடு வேண்டும். மெஷின் ஒருமுறைச் செலவு, ராடு வருடா வருடம் வரும் செலவு. ராடு தீர்ந்த அன்றைக்கே வகுப்பும் நின்றுவிடும், பெயர்ப் பலகை ஒட்டிய மெஷின் மூலையில் தூசி படியும்.

பிளேட்டுக்கு நீங்கள் தனியாகச் செலவழிக்கவே வேண்டியதில்லை. டிப்பர் பாடி கட்டும் இடத்தில் மிஞ்சும் 6 மி.மீ. பிளாட் துண்டுகளை 150க்கு 50 மி.மீ. அளவில் வெட்டிக் கொடுத்தால் போதும். துண்டுக்கு 350 கிராம். ஆளுக்கு இரண்டு என்றால் வாரம் 14 கிலோ. இரண்டு பக்கமும் வரிவரியாக பீடு (ராடு உருகி விழும் கோடு) போட்டுப் பழகலாம். ஆனால் ஜி.ஐ. பைப், ஜி.ஐ. ஷீட் துண்டுகளைத் தயவுசெய்து அனுப்பாதீர்கள். துத்தநாகப் பூச்சு எரிந்து வரும் வெள்ளைப் புகையைச் சுவாசித்தால் அன்று ராத்திரியே குளிர்க் காய்ச்சல் வரும். டீசலோ பூச்சிமருந்தோ இருந்த காலி டிரம் பள்ளி வாசலுக்கே வரக்கூடாது. காலியாகத் தெரிந்தாலும் உள்ளே நிற்கும் ஆவி வெடிக்கும்.

மெஷின் கொடுத்தே தீருவோம் என்றால் கரன்ட்டையும் சேர்த்து யோசியுங்கள். சிங்கிள் பேஸ் 200 ஆம்பியர் இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷினில் 120 ஆம்பியர் வைத்து அடித்தால் லைனில் இருந்து 20 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். வகுப்பறை பிளக்கில் சொருகினால் சாக்கெட் கருகும். தனி லைன், 32 ஆம்பியர் எம்.சி.பி. (கரன்ட் மிஞ்சினால் தானே அணையும் சுவிட்ச்), சரியான எர்த் மூன்றும் மெஷினோடு சேர்ந்த செலவு.

எந்த மாஸ்டரை அனுப்புவது என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். கிரில் பட்டறைக்காரர்கள் மெல்லிய பைப்பில் புள்ளி வைப்பதில் கெட்டிக்காரர்கள். ஆனால் பிள்ளைகள் முதலில் பார்க்க வேண்டியது கேஜ் வீலும் (சேற்று உழவுக்கு டிராக்டரில் மாட்டும் இரும்புச் சக்கரம்) டிரெய்லர் சேஸிஸும் அடிக்கும் மாஸ்டரின் கையை. நம் களிமண் சேற்றில் கேஜ் வீல் பட்டை பிய்த்துக்கொள்வது பெரும்பாலும் வெல்டின் ஓரத்தில்தான். ஆம்பியரைக் கூட்டி, கையை வேகமாக ஓட்டி, ஓரத்தில் பள்ளம் விழுந்திருக்கும். அங்கிருந்துதான் விரிசல் கிளம்பும். இதை உடைந்த துண்டையே காட்டிச் சொல்ல அந்த மாஸ்டரால்தான் முடியும்.

அவர் கற்றுக்கொடுக்க வேண்டிய வரிசையும் உண்டு. முதலில் தீக்குச்சி உரசுவதுபோல் ராடை உரசிப் பொறி பிடிப்பது. ராடு ஒட்டிக்கொண்டே இருந்தால் ஆம்பியர் குறைவு, அல்லது பையன் பயத்தில் கையை அழுத்துகிறான். 3.15 ராடுக்கு 90 முதல் 130 ஆம்பியருக்குள் வைத்துப் பார்க்க வேண்டும். பொறி தெறித்து, பீடில் துளை விழுந்தால் ராடு பிளேட்டை விட்டு எட்ட நிற்கிறது. பிறகு டி ஜாயின்ட், அதாவது ஒரு பிளேட்டின் மேல் இன்னொன்றைச் செங்குத்தாக நிறுத்தி ஒட்டுவது. ஒரு பக்கம் மட்டும் அடித்து, வைஸில் பிடித்து, சுத்தியலால் மடக்கி உடைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மூலைவரை உருகியிருக்கிறதா, கசடு உள்ளே மாட்டியிருக்கிறதா என்று உடைப்பே காட்டிக்கொடுக்கும். மதிப்பெண்ணை இதற்குத்தான் போட வேண்டும், மேல் அழகுக்கு அல்ல.

பட்டறைப் பழக்கங்கள் மட்டும் பள்ளிக்குள் நுழையவே கூடாது. கூலிங் கிளாஸ், ரப்பர் செருப்பு, லுங்கி எதுவும் வேண்டாம். ஷேடு (கருமை அளவு) 10 அல்லது 11 கண்ணாடி வைத்த முக ஸ்கிரீன் ஆளுக்கு ஒன்று. பக்கத்தில் நின்று வேடிக்கை பார்ப்பவனுக்கும்தான், இல்லையென்றால் ராத்திரி கண்ணில் மணலை அள்ளிப் போட்டதுபோல் உறுத்தும். சீருடைத் துணியில் பாலியஸ்டர் கலந்திருந்தால் பொறி பட்டதும் உருகித் தோலில் ஒட்டும். தோல் ஏப்ரனும் கையுறையும் கட்டாயம். வெல்டு அடிக்காமல் மெஷின் ஓடும்போதும் ஹோல்டரில் 60, 70 வோல்ட் இருக்கும். வியர்வையில் நனைந்த கையுறை, ஈரத் தரை இரண்டும் சேர்ந்தால் ஆபத்து.

காலண்டரையும் பாருங்கள். ஜூன் 12 மேட்டூர் அணைத் திறப்பை ஒட்டி பட்டறையில் மூச்சுவிட நேரமிருக்காது. தை, மாசியில் அறுவடை மெஷின்கள் வந்து நிற்கும். சம்பா, தாளடி நடவு முடிந்த பிறகு, நவம்பர், டிசம்பரில்தான் மாஸ்டருக்கு ஓய்வு. ஆனால் அது அடைமழைக் காலம். பிரித்து வைத்த ராடு ஈரம் இழுத்துப் படபடவென்று வெடிக்கும், வெல்டில் துளை விழும். தகரப் பெட்டிக்குள் 100 வாட் குண்டு பல்பு எரியவிட்டு அதில் ராடை வையுங்கள். ஏற்கெனவே நமுத்த ராடை 100 டிகிரிக்குச் சற்று மேல் ஒரு மணி நேரம் காயவைக்க வேண்டும்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். கற்றுக்கொடுக்கிறோம் என்று பிள்ளைகளைப் பட்டறைக்கு வேலைக்குக் கூப்பிடாதீர்கள். 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டப்படி 18 வயது நிரம்பாதவர்களை அபாயகரமான தொழிலில் அமர்த்தக்கூடாது. பட்டறைதான் பள்ளிக்குப் போக வேண்டும். பயிற்சிக்கான வேலை பள்ளியிலேயே கிடக்கிறது: கால் உடைந்த பெஞ்சுகள். அந்த மெல்லிய சதுரப் பைப்பில் 2.5 மி.மீ. ராடை 60, 70 ஆம்பியரில் ஓட்டைவிழாமல் வைக்கத் தெரிந்தால் பாதி தொழில் கைவந்த மாதிரி. தண்ணீர்த் தொட்டி ஸ்டாண்டு மட்டும் வேண்டாம், அது தேர்ந்த கைக்கான வேலை.

கொடுப்பதைப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் தீர்மானமாக எழுதிக் கொடுங்கள். பணமாகத் தருவதென்றால் அரசின் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டம் வழி இருக்கிறது. எத்தனை கிலோ ராடு, எந்த மாஸ்டர், எந்தக் கிழமை என்று தேதி போட்டு எழுதுங்கள். பட்டறையில் கூட்டம் சேருவதற்கு முன், ஏப்ரலிலேயே தலைமை ஆசிரியரைப் பார்த்துவிடுங்கள்.