நினைவிழந்த தாய் தந்தையின் பணம் வாரிசுகளின் பணம் அல்ல

தாயோ தந்தையோ பக்கவாதத்தில் பேச்சிழந்து படுத்துவிட்டால், அல்லது மறதி நோய் முற்றிப் பிள்ளைகளின் பெயர்களையே மறந்துவிட்டால், அவருடைய வங்கிக் கணக்கையும் வீட்டையும் வைத்தியத்தையும் யார் பொறுப்பேற்று நடத்துவது என்ற கேள்வியில் உடன்பிறந்தவர்கள் பகையாளிகளாகிப் போவதைப் பார்க்காத ஊர் இன்று தமிழ்நாட்டில் இருக்காது. வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற நான், காவிரிக்கரை ஊர்களின் கிளைகளில் இருந்த காலத்தில் இந்த வழக்குகளின் தொடக்கத்தை அருகிலிருந்து கண்டவள். நீதிமன்றப் படியேறுவதற்கு வெகு நாள் முன்பே சண்டை வங்கி மேலாளரின் மேசைக்கு வந்துவிடும். பெற்றவர் இறந்த பிறகு தமக்கு வரவேண்டிய பங்கு இப்போதே கரைகிறதே என்ற கவலையைத்தான் அப்படி வந்தவர்களில் பலர் வேறு வேறு சொற்களில் சொன்னார்கள் என்பதை வருத்தத்தோடு பதிவு செய்கிறேன்.

சட்டம் இருக்கும் நிலையை முதலில் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பாதிச் சண்டை அது தெரியாமல் வருகிறது. மூத்த மகன் என்பதாலோ மனைவி என்பதாலோ ஒருவர் தானாகவே பாதுகாவலர் ஆகிவிடுவதில்லை. 1890-ஆம் ஆண்டின் பாதுகாவலர் சட்டமும் 1956-ஆம் ஆண்டின் இந்து இளவர் பாதுகாவலர் சட்டமும் பதினெட்டு வயது நிரம்பாதவர்களுக்கானவை. "நான்தான் நாமினி" என்று பாஸ்புக்கை நீட்டுபவர்கள் உண்டு. கணக்குதாரர் இறந்த பிறகு பணத்தைப் பெற்றுக்கொள்வது மட்டுமே நாமினியின் வேலை. அவர் உயிரோடு இருக்கும்வரை நாமினிக்கு அந்தக் கணக்கில் ஒரு ரூபாய் எடுக்கவும் அதிகாரம் இல்லை. பவர் பத்திரம் எழுதி வாங்கிவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பவர்களுக்கு நேர்வதுதான் மிகக் கொடுமை. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201-ஆம் பிரிவின்படி, அதிகாரம் கொடுத்தவர் இறந்தாலும் சித்த சுவாதீனம் இழந்தாலும் அந்த முகவாண்மை, அதாவது அவருக்காக இன்னொருவர் செயல்படும் அதிகாரம், முடிந்துபோகிறது. அப்பாவே கையெழுத்துப் போடக்கூடிய காலம் முழுவதும் செல்லுபடியாகும் பத்திரம், அவரால் முடியாமல் போகும் நாளில், எந்த நாளை நினைத்து அதை எழுதினாரோ அந்த நாளிலேயே, செல்லாமல் போகிறது.

1987-ஆம் ஆண்டின் மனநலச் சட்டத்தில், மாவட்ட நீதிமன்றம் விசாரணை நடத்தி ஒருவரைப் பராமரிக்கப் பாதுகாவலரையும் அவருடைய சொத்துக்கு மேலாளரையும் நியமிக்க வழி இருந்தது. அதன் இடத்தில் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சை முடிவுகளில் துணை நிற்க ஒரு பிரதிநிதியைத் தருகிறதே தவிர, சொத்தைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுத்திறன் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்காக இயற்றப்பட்டது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வரையறுக்கப்பட்ட பாதுகாவலர் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. அவர் சம்பந்தப்பட்டவரோடு கலந்து பேசி முடிவெடுக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. நல்ல அடிப்படைதான், ஆனால் கோமாவில் கிடப்பவரோடு யார் கலந்து பேச முடியும்? ஆகவே, வேறு வழியில்லாத குடும்பங்கள் அரசமைப்பின் 226-ஆம் பிரிவின்கீழ் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டுப் பாதுகாவலர் ஆணை வாங்குகின்றன.

கோமாவில் உள்ளவர்களுக்காகக் கேரள உயர் நீதிமன்றம் 2019-இல் வகுத்த நெறிமுறைகள் இந்த இடத்தில் முக்கியமானவை. மருத்துவக் குழு நோயாளியைப் பரிசோதிக்க வேண்டும். வட்டாட்சியர் நிலைக்குக் குறையாத வருவாய் அதிகாரி நேரில் போய்ப் பார்த்து அறிக்கை தர வேண்டும். நோயாளியின் சொத்து விவரம் முழுவதையும் மனுவில் காட்ட வேண்டும். பாதுகாவலர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கணக்கை நீதிமன்றத்துக்குத் தர வேண்டும். சென்னை உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு 2024-இல், கோமாவில் இருந்த கணவருக்கு மனைவியைப் பாதுகாவலராக நியமித்து, ஒரு கோடிக்கு மேல் மதிப்புள்ள சொத்தை விற்கவும் அனுமதித்தது. ஆனால் அதிலிருந்து 50 லட்சம் ரூபாயைக் கணவர் பெயரிலேயே வைப்புத்தொகையாகப் போட்டு, வட்டியை அவருடைய பராமரிப்புக்கு எடுத்துக்கொள்ள வேண்டும் என்றது. அந்த மனைவியைச் சிவில் நீதிமன்றத்துக்குப் போகச் சொல்லியிருந்த தனி நீதிபதியின் உத்தரவை ரத்து செய்துவிட்டுத்தான் இதைச் சொன்னது. இரண்டு நீதிமன்றங்களும் விதித்த நிபந்தனைகளில் எனக்குத் தெரிவது ஒரே கொள்கை: மூச்சு இருக்கும்வரை அந்தப் பணம் அவருடையது.

இந்தக் கொள்கையை வீட்டில் யாரும் ஏற்பதில்லை. ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவரை அவருடைய மகன் ஆட்டோவில் கிளை வாசலுக்கு அழைத்து வந்தார். இறங்க முடியாத முதியவர்களிடம் மை தடவும் பெட்டியோடு நாங்களே வெளியே போய்க் கைரேகை வாங்குவது வழக்கம். கையெழுத்துப் போட இயலாதவர்களுக்கு, இரண்டு சாட்சிகள் அடையாளம் காட்ட, அவர்களில் ஒருவர் வங்கி அலுவலராக இருக்க, பணம் தரலாம் என்று ரிசர்வ் வங்கியின் விதி உண்டு. ஆனால் அது கை ஓடாதவர்களுக்கான விதி. என்ன செய்கிறோம் என்று தெரியாதவர்களின் விரலைப் பிடித்து வைப்பதற்கான விதி அல்ல. "ஐயா, எவ்வளவு பணம் எடுக்கணும்?" என்று கேட்டேன். அவர் என் கையிலிருந்த படிவத்தைப் பார்த்து, "மணி அடிச்சாச்சா? பசங்கள உள்ள போகச் சொல்லு" என்றார். மகனின் கையில் மருத்துவமனைக் கட்டண ரசீது இருந்தது, அவர் பொய் சொல்லவில்லை. அதே வாரம் வெளியூரிலிருந்து மகள் எழுதிய கடிதமும் என் மேசையில் இருந்தது: அண்ணனைப் பணம் எடுக்க விடாதீர்கள், அப்பாவுக்கு எதுவும் தெரியவில்லை என்று. அவரும் பொய் சொல்லவில்லை. நீதிமன்றத்தின் பாதுகாவலர் ஆணை வரும்வரை அப்பாவின் வைப்புத்தொகை வட்டியோடு பத்திரமாக வங்கியில் கிடக்க, அப்பாவின் வைத்தியத்துக்காக மருமகளின் வளையல்கள் அடகுக்குப் போயின.

கூட இருந்து பார்த்துக்கொள்பவர் சொல்வது ஒன்று: இரவில் மூன்று முறை எழுந்து டயப்பர் மாற்றுவது நான், படுக்கைப்புண் வராமல் புரட்டிப் போடுவது நான், மூக்குக்குழாயில் கஞ்சி ஊற்றுவது நான், என்னிடம் கணக்குக் கேட்க நீ யார்? தூரத்தில் இருப்பவர் சொல்வது இன்னொன்று: மாதம் முழு பென்ஷனும் வருகிறது, வீட்டு வாடகை வருகிறது, எல்லாம் எங்கே போகிறது? இரண்டில் முதலாவதன் பக்கமே என் மனம் சாயும். ஆயினும் இரண்டாவதை வெறும் பேராசை என்று ஒதுக்கவும் என்னால் முடியாது. பதிவுச் சட்டம் நோயாளிகளின் வீட்டுக்கே சார்பதிவாளர் வர இடம் கொடுக்கிறது. அந்த வசதியைப் பயன்படுத்தி, தாய்க்கு நினைவு மங்கிய பிறகு வீட்டை ஒரே பிள்ளையின் பெயருக்குச் செட்டில்மென்ட் எழுதி வாங்கிய குடும்பங்கள் எனக்குத் தெரியும். பராமரிக்கத் தவறினால் அப்படிப்பட்ட பத்திரத்தை ரத்து செய்யக் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தை அணுக 2007-ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் சட்டத்தில் வழி இருந்தாலும், தன் பெயரையே மறந்துவிட்ட தாய் எப்படி மனுக் கொடுப்பார்?

பார்த்துக்கொள்பவருக்கு அதிகாரம், மற்ற எல்லோருக்கும் கணக்கு என்பதே என் உறுதியான கருத்து. அன்றாட முடிவுகளை, எந்த மருத்துவர், எந்த ஹோம் நர்ஸ், தண்ணீர்ப் படுக்கை வாங்குவதா வாடகைக்கு எடுப்பதா என்பவற்றை, கூட இருப்பவர் யாரையும் கேட்காமல் எடுக்க வேண்டும். அமெரிக்காவிலிருந்து வீடியோ அழைப்பில் வருபவருக்கு அதில் தடுப்பு அதிகாரம் இருக்கக் கூடாது. ஆனால் பெற்றவரின் வருமானம் தனிக் கணக்கில் வர வேண்டும், செலவு அந்தக் கணக்கிலிருந்தே போக வேண்டும், ரசீதுகள் அன்றன்றே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எல்லோருக்கும் தெரிய வேண்டும். இதைச் சந்தேகத்தின் அடையாளமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. உயர் நீதிமன்றம் கேட்பதும் இதைத்தான், அதை வீட்டுக்குள்ளேயே செய்துகொண்டால் பல குடும்பங்களில் சண்டை பாதியாகக் குறையும். நிலத்தையோ வீட்டையோ தொடுவதானால் எல்லா வாரிசுகளும் எழுத்தில் சம்மதிக்க வேண்டும், அதற்கு மேல் நீதிமன்ற ஆணையும் வேண்டும்.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்கிறேன், சிலருக்குக் கோபம் வரலாம். வேலையை விட்டுவிட்டு மாமியாரைப் பார்த்துக்கொள்ளும் மருமகளுக்கும், திருமணத்தைத் தள்ளிப்போட்டுத் தந்தையோடு இருக்கும் மகளுக்கும், பெற்றவரின் பணத்திலிருந்து மாதந்தோறும் ஒரு தொகை கொடுக்கப்பட வேண்டும். வெளியாளுக்கு ஹோம் நர்ஸ் சம்பளம் என்று தயங்காமல் கொடுக்கும் தொகையை வீட்டுப் பெண்ணுக்குக் கொடுக்கச் சொன்னால், "பாசத்துக்கு விலையா?" என்று கேட்பவர்கள் பெரும்பாலும் அந்தக் கட்டிலின் அருகே ஓர் இரவும் விழித்திராதவர்கள். மாதத்துக்கு ஒரு பிள்ளை வீடு என்று முறை வைத்துப் பெற்றவரை மாற்றிக்கொண்டே இருப்பதும் நியாயமாகத் தோன்றும் ஓர் அநியாயம். மறதி நோயாளிக்குப் பழகிய அறையும் பழகிய முகமும்தான் மிச்சமிருக்கும் பிடிமானம். கழிவறை எந்தப் பக்கம் என்பது பழகும் முன்பே அவரை வேறு வீட்டுக்குக் கொண்டுபோனால், பயமும் பதற்றமும் கூடிவிடுகின்றன.

இந்தியாவில் 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் 7.4 விழுக்காட்டினர், ஏறத்தாழ 88 லட்சம் பேர், மறதி நோயோடு வாழ்கிறார்கள் என்று 2023-இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டது. இத்தனை குடும்பங்களையும் ரிட் மனு போடச் சொல்வது நீதியாகாது. சிங்கப்பூரில் 2010-இல் நடைமுறைக்கு வந்த மனத்திறன் சட்டத்தின்படி, ஒருவர் தெளிவாக இருக்கும்போதே, பிற்காலத்தில் தன் மனத்திறன் போனால் தன் உடல்நலனையும் பணத்தையும் யார் கவனிப்பது என்று எழுதி அரசு அலுவலகத்தில் பதிந்துவைக்கலாம். நினைவு போன பிறகு நடைமுறைக்கு வருவதற்கென்றே அந்தப் பத்திரம் எழுதப்படுகிறது. அங்குள்ள தமிழ்க் குடும்பங்களுக்குக் கிடைக்கும் இந்த ஏற்பாடு இங்குள்ளவர்களுக்குக் கிடைக்காமல் 201-ஆம் பிரிவு தடுத்து நிற்கிறது. ஒப்பந்தமும் முகவாண்மையும் மத்திய அரசும் மாநிலமும் சட்டம் இயற்றக்கூடிய, அரசமைப்பின் பொதுப் பட்டியலில் 7-ஆவது இனத்தில் இருப்பதால், குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு தமிழ்நாடு சட்டமன்றமே இதில் திருத்தம் கொண்டுவர முடியும். நினைவிழந்த பிறகும் செல்லும் பவர் பத்திரத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மருத்துவச் சான்றோடு பதியவும், அதைப் பயன்படுத்துபவர் ஆண்டுதோறும் மாவட்ட நீதிமன்றத்தில் கணக்குத் தாக்கல் செய்யவும், அந்தக் கணக்கை எல்லா வாரிசுகளும் பார்க்கவும் அந்தத் திருத்தம் வழிசெய்ய வேண்டும் என்று என் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினருக்கும் சட்டத் துறைக்கும் எழுதியிருக்கிறேன். வீட்டில் இப்படி ஒருவரை வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் உங்கள் தொகுதி உறுப்பினருக்கும் எழுதுங்கள்.