கதவைத் திறந்துவிட்டு எதிர்த்து வாக்களித்தவர்கள்

"2025 மார்ச்சில் டிரம்ப் அரசின் செலவு மசோதாவுக்கு ஜனநாயகக் கட்சி மொத்தமும் கைதூக்கியது, சிறுபான்மையாக இருந்துகொண்டு வேறென்ன செய்ய முடியும்?" இதில் இரண்டு பாதியுமே தவறு.

கீழவையில் மசோதா 217-213 என்று நிறைவேறியது. ஆதரித்த ஜனநாயகக் கட்சிக்காரர் ஒரே ஒருவர், ஜாரெட் கோல்டன். சிக்கல் மேலவையான செனட்டில்தான். மசோதாவை நிறைவேற்றச் சாதாரணப் பெரும்பான்மை போதும்; ஆனால் விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்கு வர 60 பேர் வேண்டும். குடியரசுக் கட்சிக்கு இருந்ததோ 53. அதிலும் ராண்ட் பால் எதிர்த்தார். ஆக, தடுக்கும் சாவி எதிர்க்கட்சியின் கையில்தான் இருந்தது.

செனட்டில் ஜனநாயகக் கட்சியின் தலைவரான சக் ஷூமர் உட்பட அந்தப் பக்கத்துப் பத்துப் பேர் (ஒருவர் கட்சியோடு சேர்ந்து இயங்கும் சுயேச்சை) அந்தக் கதவைத் திறந்துவிட்டார்கள்: 62-38. அப்புறம் நடந்த இறுதி வாக்கெடுப்பில் அந்தப் பத்தில் எட்டுப் பேர் 'எதிர்ப்பு' என்று வாக்களித்தார்கள்! எனக்கு எரிச்சல் தருவது இந்த இரண்டாவது வாக்குதான். மசோதா நிறைவேறாமல், செலவுக்குப் பணமின்றி அரசு முடங்கினால் டிரம்புக்கு இன்னும் கட்டற்ற அதிகாரம் கிடைக்கும் என்பது ஷூமரின் வாதம். சரி, அது விவாதத்துக்குரியது. ஆனால் 'முடியவில்லை' வேறு, 'வேண்டாம் என்று முடிவெடுத்தோம்' வேறு.

தடுக்க முடியும் என்பதை அதே ஆண்டு அக்டோபரில் அவர்களே காட்டினார்கள். அரசு 43 நாள் முடங்கியது. அதை முடித்துவைத்ததும் ஜனநாயகக் கட்சிப் பக்கத்து எட்டு செனட்டர்கள்தான். இந்த முறை ஷூமர் அதில் இல்லை.