அப்பா அடித்த இரண்டு முளைகள்

இலங்கை மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறது எங்கள் லயம், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடு. அதற்குப் பின்னால் மண்ணில் ஒரு வெடிப்பு இருக்கிறது. 2025 நவம்பரில் டித்வா புயல் மழை ஓய்ந்த பிறகு அப்பாதான் முதலில் கண்டார். வெடிப்பின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு முளை அடித்தார். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலையில் தேத்தண்ணி குடித்ததும் அளவுநாடாவை எடுத்துக்கொண்டு போவார். முளைக்கும் முளைக்கும் உள்ள தூரத்தை அளந்து, தங்கச்சி மகளின் பழைய கணக்குக் கொப்பியில் திகதி போட்டு எழுதுவார். முதல் நாள் 61 சென்டிமீட்டர். போன கிழமை 63.

இந்தக் கொப்பியைப் பார்த்துப் பார்த்துத்தான் விண்வெளிக் கொள்கை பற்றி எழுத வேண்டும் என்ற எண்ணமே எனக்கு வந்தது. ரொக்கெட் விடுகிற கதையெல்லாம் பெரிய நாடுகளின் கதை, தோட்டத்துச் சனத்துக்கு அதில் என்ன இருக்கிறது என்று நம் ஆட்களே கேட்கிறார்கள். நிறைய இருக்கிறது.

2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நிசார் என்ற செய்மதி போனது. நாசாவும் இஸ்ரோவும் சேர்ந்து செய்தது. அது ராடார் அலைகளை அனுப்பித் தரையைப் பார்க்கிறது. நமக்கு இதில்தான் விஷயம் இருக்கிறது. சாதாரணக் கமெரா வைத்த செய்மதிக்கு மழைக்காலத்தில் மலைநாடு ஒரு வெள்ளைப் போர்வைதான், மேகத்துக்குக் கீழே எதுவும் தெரியாது. ராடாருக்கு மேகமும் ஒன்றுதான், இரவும் ஒன்றுதான். 12 நாளுக்கு ஒருமுறை அதே பாதையில் திரும்பி வந்து, போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் இடையில் நிலம் எவ்வளவு அசைந்திருக்கிறது என்று சென்டிமீட்டர் கணக்கில் ஒப்பிட முடியும். எங்கள் லயத்துப் பின்னால் உள்ள ஒற்றை வெடிப்பை அது தனியாகக் காட்டாது. ஆனால் வெடிப்புக்கு மேலே உள்ள சரிவு முழுவதும் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தால் காட்டும். எல்லாச் சரிவும் அப்படி முன்கூட்டி இறங்குவதில்லை. ஒரே இரவில் கொட்டும் மழைக்கு உடைந்து வருகிற சரிவை அறிய மழைமானிதான் வேண்டும். இரண்டும் வேண்டும் என்கிறேன்.

இந்தத் தரவு விலைக்கு விற்கப்படுவதில்லை, யாரும் இலவசமாக எடுக்கலாம். ஐரோப்பாவின் சென்டினல்-1 என்ற செய்மதியின் ராடார் தரவும் 2014 முதல் அப்படித்தான் கிடைக்கிறது. அதே 2014 ஒக்டோபர் 29 காலையில்தான் பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போயின. அந்த மலை ஆபத்தானது என்று முன்பே எச்சரித்திருந்தார்கள். எச்சரிக்கை இருந்தது, போய் இருக்க வேறு காணி இருக்கவில்லை. டித்வாவில் நாடு முழுவதும் 600க்கும் அதிகமானோர் இறந்தார்கள். அதில் பதுளை, கண்டி, நுவரெலியாவின் பங்கு எவ்வளவு என்பதை மலைநாட்டில் யாருக்கும் சொல்லிக் காட்டத் தேவையில்லை.

சரி, தனியார் கம்பெனிகள் விஷயத்துக்கு வருகிறேன். அரசாங்கம் ஒதுங்கி நின்றால் தனியார் எல்லாவற்றையும் மலிவாகச் செய்து தருவார்கள், ரொக்கெட் செய்கிற அமெரிக்கக் கம்பெனி ஸ்பேஸ்எக்ஸைப் பாருங்கள் என்று ஒரு பேச்சு இருக்கிறது. அவர்கள் சாதித்தது உண்மையிலேயே பெரிய சாதனை, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் கதையை முழுதாகச் சொல்ல வேண்டும். அவர்களுடைய ஃபால்கன்-1 ரொக்கெட் முதல் மூன்று தடவையும் தோற்றது. 2008 செப்டம்பரில் நாலாவது தடவைதான் வென்றது. அந்த டிசம்பரிலேயே, விண்வெளி நிலையத்துக்குச் சாமான் கொண்டுபோக 12 பயணங்களுக்கு 160 கோடி டொலர் ஒப்பந்தம் கொடுத்தது நாசா. 2020 மே மாதம் அந்தக் கம்பெனியின் விண்ணோடத்தில் இரண்டு விண்வெளி வீரர்கள் போனதும் நாசாவின் திட்டத்தில்தான். அங்கே அரசாங்கம் ஒதுங்கவில்லை. தனக்கு என்ன வேண்டும் என்று தெளிவாகச் சொல்லி, காசு கொடுத்து, பாதுகாப்பைச் சோதித்து வாங்கியது.

அப்படித் தெளிவாகக் கேட்கிற அரசாங்கம்தான் எங்களுக்கும் வேண்டும். அதே ஸ்பேஸ்எக்ஸின் செய்மதி இணையச் சேவையான ஸ்டார்லிங்க் 2025 ஜூலையில் இலங்கையில் தொடங்கியது. நல்லது. ஆனால் அதன் ஒரு மாதக் கட்டணத்துக்குக் கொழுந்து பறிக்கிறவர்களின் ஒரு கிழமைப் பேர்க்காசு, அதாவது நாட்கூலி, போதாது, சிக்னல் பிடிக்கிற தட்டு வாங்குகிற செலவு வேறு. எங்கள் தோட்டத்தில் சிக்னல் கிடைப்பது கோயிலுக்கு மேலே உள்ள பாறையில் மட்டும். புயல் அன்று அதுவும் இல்லை. இரவு முழுக்க அம்மா இஸ்தோப்பில், வீட்டு முன் திண்ணையில், நின்றுகொண்டு போனைக் கையில் பிடித்தபடி இருந்தார், ஒரு செய்தி வரவில்லை. மறுநாள் மத்தியானம் பாறையில் ஏறிய பிறகு வந்த எச்சரிக்கையும் எங்களுக்கு விளங்காத மொழியில் இருந்தது. அலைவரிசைக்கு உரிமம் கொடுக்கிறது அரசாங்கம்தானே? ஒவ்வொரு தோட்டப் பாடசாலையிலும் ஒரு தட்டு இருக்க வேண்டும், அனர்த்த நேரத்தில் அது எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும் என்று உரிமத்தோடு சேர்த்துப் பேரம் பேசலாம், செலவை ஏற்கலாம். கம்பெனி மனம் இரங்கினால் கிடைக்கும் என்ற நிலையில் உயிரை விட்டுவைக்க முடியாது.

நாங்கள் விண்வெளிக்குப் புதியவர்களும் இல்லை. ஓரிடத்தில் நிற்பதுபோல் தெரியும் தொடர்பாடல் செய்மதிகளைப் பற்றி 1945 இலேயே எழுதிய ஆர்தர் சி. கிளார்க் வாழ்ந்து மறைந்த நாடு இது. இலங்கைப் பொறியியலாளர்கள் இருவர் ஜப்பானில் செய்த ராவணா-1 என்ற குட்டிச் செய்மதி, ஒரு கிலோவுக்குச் சற்றுக் கூடிய பெட்டி, 2019 ஜூன் மாதம் விண்வெளி நிலையத்திலிருந்து விடப்பட்டது. அந்தப் படத்தைப் பார்த்து எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அப்புறம்? பக்கத்து நாட்டைப் பாருங்கள். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே நேராகப் போனால் இலங்கைக்கு மேலே பறக்க வேண்டும் என்பதால் துருவங்களுக்கு மேலாகச் சுற்றும் பாதைக்குப் போகும் ரொக்கெட்டுகள் எரிபொருளைச் செலவழித்து வளைந்து போகின்றன. அந்த வளைவைத் தவிர்க்கத்தான் தூத்துக்குடிப் பக்கம் குலசேகரபட்டினத்தில் இன்னொரு ஏவுதளம் கட்டுகிறார்கள். அவர்களுடைய திட்டத்தில் எங்கள் தீவு இருக்கிறது. எங்கள் திட்டத்தில் எங்கள் மலை இருக்கிறதா?

எனக்கு ஏவுதளம் வேண்டாம், இன்னொரு குட்டிச் செய்மதியும் இப்போதைக்கு வேண்டாம். இலவசமாகக் கிடைக்கும் ராடார் தரவை 12 நாளுக்கு ஒருமுறை திறந்து, பதுளையிலும் நுவரெலியாவிலும் கண்டியிலும் எந்தச் சரிவு நகர்கிறது என்று பார்க்கப் படித்த பத்துப் பிள்ளைகளுக்கு நிரந்தர வேலை கொடுங்கள். மலையகத்துப் பிள்ளைகளையும் அதில் எடுங்கள், தோட்டத்தின் எந்த மலைக்கு எந்தப் பெயர் என்று அவர்களுக்குத்தான் தெரியும். நகர்கிறது என்று கண்டால் அந்த லயத்துக்குத் தமிழில் சொல்லுங்கள். சொல்லும்போதே போய் இருக்கக் காணியையும் காட்டுங்கள்.

அப்பாவின் கொப்பியில் முதல் பக்கத்திலிருந்து எல்லாவற்றையும் படம் எடுத்து வைத்திருக்கிறேன். திகதியும் அளவும் தெளிவாக இருக்கின்றன. இந்த வேலைக்குப் பொறுப்பான யாராவது இதை வாசித்தால் உள்பெட்டியில் எழுதுங்கள், இன்றைக்கே அனுப்புகிறேன்.