அந்தக் கடைசிப் பக்கம் காலியாக இல்லை, ஐயா

ஞாயிற்றுக்கிழமை கும்பகோணத்தில் நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். மூத்த எழுத்தாளர் ஒருவர் போட்ட பதிவை எல்லாரும் பார்த்தாயிற்று, ஸ்க்ரீன்ஷாட்டும் ஊரெல்லாம் சுற்றியாயிற்று. யார், என்ன என்று திரும்பச் சொல்லப் போவதில்லை. பெயரும் போட மாட்டேன். ஆனால் நேற்று ராத்திரி அந்தப் பதிவுக்குக் கீழே விழுந்து கிடக்கிற சிரிப்பு முகங்களில் என் நண்பர்கள் நாலைந்து பேர் இருப்பதைப் பார்த்த பிறகு வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

"வெறும் வெள்ளைத்தாளுக்கு 120 ரூபாயாம்!" இதுதானே ஐயா எழுதியது? கூடவே, தானே வரைந்த காமிக்ஸை விற்க வந்திருந்த ஒரு பெண்ணின் புத்தகத்துக் கடைசிப் பக்கத்தின் போட்டோ.

ஐயா, வாங்கிப் படித்துவிட்டுத் திட்டுங்கள். நான் சொல்ல வந்தது மொத்தமே இவ்வளவுதான். காசு கொடுத்து வாங்குங்கள், முதல் பக்கத்தில் இருந்து படியுங்கள், அப்புறம் கிழித்துத் தொங்கவிடுங்கள், நானே வந்து லைக் போடுகிறேன். கடைசிப் பக்கத்தை மட்டும் புரட்டிவிட்டு உங்கள் கதைகளில் எதையாவது நாங்கள் தீர்த்துக்கட்டியிருக்கிறோமா?

வராதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். சிறு பதிப்பாளர் சந்திப்பு. மகாமகக் குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு கல்யாண மண்டபம். கவிதை, மொழிபெயர்ப்பு, சிறுபத்திரிகைக்காரர்களுக்கெல்லாம் ஹாலில், ஃபேனுக்குக் கீழே மேஜை. காமிக்ஸ் போடுகிற பிள்ளைகளுக்குச் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகிற வழியில், கை கழுவுகிற இடத்துக்குப் பக்கத்தில் ஆறு மேஜை. சாப்பிட்டுவிட்டுக் கையை உதறிக்கொண்டே வருகிறார்கள் இல்லையா, அதற்குப் பயந்து புத்தகத்தின் மேல் பாலிதீன் தாள் விரித்து வைத்திருந்தார்கள். யாராவது கேட்டால் தாளைத் தூக்கிக் காட்டுவது, அப்புறம் மூடுவது.

நான் ஒரு கவிதைத் தொகுப்பு வாங்கத்தான் போனேன். காபி குடிக்கப் போன இடத்தில் இந்த மேஜைகளில் மாட்டிக்கொண்டு சாயங்காலம்தான் வெளியே வந்தேன். ஒரே ஒரு ஏ4 தாளை மடித்து, நடுவில் ஒரு வெட்டு வெட்டி, எட்டுப் பக்கப் புத்தகமாக்கி 10 ரூபாய்க்கு விற்றான் ஒரு பையன். மினி பஸ் கண்டக்டரின் ஒரு நாள் அதற்குள் இருந்தது. பேராவூரணிப் பக்கத்துப் பையன் ஒருவன் 2018 நவம்பர் கஜா புயலை ஒரு வசனமும் இல்லாமல் வரைந்திருந்தான். தென்னை பூராவும் ஒரே திசையில் தலை வைத்துப் படுத்திருக்கிற பக்கத்தை என்னால் சீக்கிரம் திருப்ப முடியவில்லை. அந்த வாரம் அந்தப் பக்கம் போனவர்களுக்கு நான் என்ன சொல்கிறேன் என்று புரியும்.

அப்புறம் இந்தப் பெண்ணின் புத்தகம். 24 பக்கம். ஜூன் 12 மேட்டூரில் திறக்கிறார்கள், நாலைந்து நாளில் கல்லணையில் மதகைத் தூக்குகிறார்கள், பெரிய மனிதர்கள் பூவும் நெல்லும் தூவுகிறார்கள். அதோடு தண்ணீர் கட்டத்தை விட்டு வெளியே வந்துவிடுகிறது. கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவில் ஒரு வெள்ளைச் சந்து விடுவார்களே, அதில் ஓடுகிறது. கருப்பு வெள்ளைப் புத்தகத்தில் அந்தச் சந்து மட்டும் நீலம். தென்பெரம்பூரில் வெண்ணாறும் வெட்டாறும் பிரிகிற பக்கத்தில் நீலம் பிரிகிறது. நீடாமங்கலம் மூணாறு தலைப்பில், அதாவது ஆறு பிரிகிற மதகடியில், வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று மூன்றாகப் போய், கோரையாறு மட்டும் நம்மோடு வருகிறது. கட்டங்களுக்குள்ளே மதகைப் பார்த்துக்கொள்கிற லஸ்கர் ஷட்டரைத் திருகுகிறார், மதகில் ஆகாயத்தாமரை அடைத்துக்கொள்கிறது, வாய்க்கால் தலைப்பில் இரண்டு ஊர்க்காரர்கள் மண்வெட்டியோடு நிற்கிறார்கள். பக்கம் திரும்பத் திரும்ப நீலம் மெலிகிறது. இருபதாம் பக்கத்தில் பேனாக் கோடு அளவுக்கு வந்துவிடுகிறது. இருபத்து மூன்றில் முத்துப்பேட்டைப் பக்கம் ஒரு கிழவர் நாற்றங்கால் ஓரம் குந்தியிருக்கிறார். கோடு அவர் வரப்புக்கு ஒரு விரல்கடை முன்னால் நின்றுபோகிறது.

இருபத்து நாலாம் பக்கம்தான் ஐயா படம் எடுத்த வெள்ளைத்தாள். அதில் ஆறு கட்டங்களின் ஓரக்கோடு மெல்லிய சாம்பலில் இருக்கிறது. ஆறாவது கட்டத்தின் அடியில் மயிரிழை மாதிரி ஒரு வெடிப்பு. ஃபிளாஷ் அடித்து எடுத்தால் இரண்டும் விழாது. கையில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

ஐயா கையில்தான் வைத்திருந்தார். ஈரக் கையோடு. அட்டையில் விரல் பதிந்தது. "எவ்வளவும்மா?" என்றார். "நூத்தி இருபதுங்கய்யா." சிரித்தார், போட்டோ எடுத்தார், புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார். அந்தப் பெண் அவர் போகிற வரைக்கும் நின்றுகொண்டே இருந்தது. நான் பக்கத்து மேஜையில்தான் நின்றேன்.

இப்போது சிலர் வருவார்கள். "வயசுல பெரியவர், எழுத்துலயும் பெரியவர், அவரைப் போய் இப்படியா?" நான் அவர் கதைகளைக் கல்லூரி நாளில் சாப்பாட்டுக் காசை மிச்சம் பிடித்து வாங்கிப் படித்தவன். மரியாதை என்றால் அதைத்தான் நான் மரியாதை என்று நினைக்கிறேன், வாங்கிப் படிப்பதை. அதைத்தான் அவரிடமும் கேட்கிறேன். பொன்னாடையா கேட்டேன்?

"இருந்தாலும் 24 பக்கத்துக்கு 120 அதிகம் சார்." வாருங்கள், இது என் தொழில். பிரஸ் வைத்திருக்கிறேன், கல்யாணப் பத்திரிகையில் சோறு தின்கிறேன். பிளேட் செய்து அச்சடிக்கிற ஆஃப்செட்டில் அந்தப் பிளேட் செலவு 100 பிரதிக்கும் அதேதான், 1,000 பிரதிக்கும் அதேதான். அந்தப் பெண்ணால் 1,000 போட முடியாது, போட்டால் வீட்டில் பாயை எங்கே விரிப்பது? அதனால் பிளேட் இல்லாத டிஜிட்டல். டிஜிட்டலில் ஒரு நீலக் கோடு இருந்தாலும் அது கலர் பக்கம்தான். மெஷின் கோட்டின் தடிமனைப் பார்த்து காசைக் குறைக்காது. தண்ணீர் மெலிந்துகொண்டே போகிறது, பில் மெலியவில்லை. அட்டை, மடிப்பு, நடுவில் பின் அடிப்பது எல்லாம் சேர்த்து அடக்கமே எழுபது எண்பதுக்குக் குறையாது, பார்த்த மாத்திரத்தில் சொல்வேன். மேஜை வாடகை, முத்துப்பேட்டையில் இருந்து பஸ், கூட வந்த அம்மாவுக்கு டிக்கெட். நூறு பிரதியும் விற்றாலும் வரைந்த கைக்கு என்ன மிஞ்சும் என்று நீங்களே கழித்துப் பாருங்கள். ஒரு பக்கம் வரைய இரண்டு மூன்று நாள் ஆகிறதாம். கூலியை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை. நடவுக்குப் போனால் இதைவிடக் கூடக் கிடைக்கும்.

"படம் சரியில்லையே, கைகால் எல்லாம் கோணல்." ஆமாம், நாலாம் பக்கத்து மாடு கொஞ்சம் நாய் ஜாடைதான். போதுமா?

"காமிக்ஸ் என்றாலே சின்னப் பிள்ளைகள் சமாச்சாரம்" என்று ஒருவர் தத்துவமாக எழுதியிருக்கிறார். அமெரிக்கக் காமிக்ஸ் ஓவியர் ஆர்ட் ஸ்பீகல்மன் தன் அப்பா நாஜி வதைமுகாமில் பட்ட பாட்டை எலியும் பூனையுமாக வரைந்தார், 1992இல் புலிட்சர் சிறப்பு விருது கொடுத்தார்கள். அதை முதலில் தொடராகப் போட்டது எங்கே? அவரும் மனைவி பிரான்சுவாஸ் முலியும் 1980இல் தொடங்கிய சொந்தப் பத்திரிகையில். அந்தம்மா குடியிருந்த வீட்டிலேயே ஒரு சின்ன ஆஃப்செட் மெஷினை வாங்கிப் போட்டிருந்தவர். நியூயார்க்கில் செய்தால் இலக்கியம், முத்துப்பேட்டையில் செய்தால் வெள்ளைத்தாள்.

"ஆறு மேஜையை வைத்துக்கொண்டு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?" டோக்கியோவில் 1975 டிசம்பரில் முதல் காமிகெட், அதாவது சொந்தமாகக் காமிக்ஸ் போடுகிறவர்களின் சந்தை, நடந்தபோது வந்த குழுக்கள் 32, கூட்டம் சுமார் 700 பேர். இன்று லட்சக்கணக்கில் போகிறார்கள். நம் ஆறு மேஜை அப்படி ஆகும் என்று நான் சொல்லவில்லை. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வாருங்கள் என்கிறேன்.

அவ்வளவு தூரம் எதற்கு? எழுத்தாளர் எம்.வி. வெங்கட்ராம் ஜரிகை வியாபாரம் செய்துகொண்டே 'தேனீ' பத்திரிகை நடத்திக் கையைச் சுட்டுக்கொண்ட ஊர் இது. மேடைக்கு மேடை அதைச் சொல்லிக் கைதட்டு வாங்குகிறோம். ஓவியர் கோபுலு 1924இல் தஞ்சாவூரில் பிறந்தவர், கும்பகோணம் ஓவியப் பள்ளியில் படித்தவர். திருவிடைமருதூர் எழுத்தாளர் தேவனின் துப்பறியும் சாம்பு கதையை விகடனில் சித்திரத் தொடராக வரைந்தவர். ஒரு வார்த்தையும் இல்லாத அவருடைய ஜோக்குகளைப் பார்த்துச் சிரித்த தலைமுறைதான் ஐயாவின் தலைமுறை. வார்த்தை இல்லாத பக்கத்தைப் படிக்க அப்போது தெரிந்திருந்தது.

நான் காமிக்ஸ் கற்றது வலங்கைமான் சலூனில். முத்து, லயன், ராணி காமிக்ஸ் எல்லாம் அட்டை போய்க் கிடக்கும். முடி வெட்டி முடிந்த பிறகும் எழுந்திருக்க மாட்டோம், கடைக்காரர் துண்டால் அடித்துத் துரத்துவார். கௌபாய் ஹீரோ டெக்ஸ் வில்லரோடு அரிசோனா பாலைவனம் முழுக்கச் சுற்றினேன், அதைத் தமிழில் போட்ட சிவகாசிக்காரர்கள் புண்ணியத்தில். ஆனால் வீட்டு வாசலில் ஓடுகிற ஆற்றை ஒரு கட்டத்துக்குள் பார்த்ததில்லை. இந்த வயதில், கை கழுவுகிற இடத்துக்குப் பக்கத்தில் நின்று பார்த்தேன். எனக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று சிரிப்பு முகம் போட்ட நண்பர்களுக்குத் தெரியாது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பெரியப்பா மகள், எனக்கு அக்கா, கும்பகோணம் ஓவியக் கல்லூரியில் சேர்ந்தபோது வீட்டில் ஒரு மாதம் யாரும் அதனோடு பேசவில்லை. அக்காதான் என்னைத் தாராசுரம் கூட்டிப் போய், கருவறைச் சுவரைச் சுற்றி நாயன்மார் கதைகளைச் சின்னச் சின்னக் கட்டமாகச் செதுக்கி, மேலே பெயரும் வெட்டியிருப்பதைக் குனிந்து காட்டியது. "பாத்துக்கடா, நம்ம ஊரு காமிக்ஸ்" என்றது. நோட்டு நோட்டாக வரைந்து வைத்திருந்தது. கல்யாணம் பேசுகிற நேரத்தில், பெண் பார்க்க வந்தவர்களில் ஒருவர் அந்த நோட்டைப் புரட்டிவிட்டு ஒன்று சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தது. இப்போது ஃப்ளெக்ஸ் கடையில் காதணி விழா பேனருக்குத் தாய்மாமன் தலையை வெட்டி ஒட்டிக்கொண்டிருக்கிறது. நல்ல சம்பளம்தான், குறை சொல்லவில்லை. நேற்று அந்தப் பதிவை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, "பாத்தியா தம்பி, இன்னும் அதே சிரிப்புதான்" என்று எழுதியிருந்தது. நான் என்ன பதில் போட?

கடைசியாக ஒரு ரகம் இருக்கிறது. "ஐயா பதிவு போட்டதால்தான் அந்தப் புத்தகமே வெளியில் தெரிந்தது, நன்றி சொல்லுங்கள்." ஆகா. அந்தப் பெண் ஞாயிறு நாலு மணிக்கே பாலிதீனைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டது, ஏழு மணி வரை சந்திப்பு இருந்தும். அடுத்த புத்தகம் எப்போது என்று கேட்டேன். "பாக்கலாம்ண்ணே" என்றது. அந்தப் 'பாக்கலாம்' எனக்குத் தெரியும், எங்கள் வீட்டிலேயே கேட்டிருக்கிறேன். நன்றி வேண்டுமாம், நன்றி.

மிச்சம் இருந்த பிரதிகளை நான் வாங்கி பிரஸ்ஸில் வைத்திருக்கிறேன். வேண்டும் என்கிறவர்கள் இன்பாக்ஸ் வாருங்கள். 120 ரூபாய், தபால் செலவு தனி. பிடிஎஃப் இருக்கிறதா என்று கேட்கிறவர்களை பிளாக் செய்வேன். ஐயாவுக்கு ஒரு பிரதி மரியாதைக்காக அனுப்பி வைக்கலாமே என்று நண்பர் ஒருவர் யோசனை சொன்னார். அனுப்பலாம், ஜிபே பண்ணச் சொல்லுங்கள்.