மருந்துக்கு முன்னால் இடம்

கொசோவோவின் மித்ரோவிட்சா நகரில் வீடிழந்த ரோமா (ஜிப்சி என்று அழைக்கப்பட்ட சிறுபான்மை இனம்) மக்களை ஈய நஞ்சு படிந்த மண்ணில் தங்கவைத்த முகாம்கள் பற்றிப் பேச்செடுத்தாலே, "அவங்க பழைய கார் பேட்டரியை உடைச்சு ஈயம் உருக்குறவங்கதானே" என்று யாராவது ஒருவர் வந்துவிடுகிறார். இந்த ஒரு வாயடைப்புக்குப் பதில்தான் இந்தப் பதிவு.

1999 ஜூன். கொசோவோ போர் முடிந்த கையோடு, இபார் ஆற்றின் தென்கரையில் சுமார் 8,000 பேர் வாழ்ந்த ரோமா மஹல்லா என்ற குடியிருப்பு கொளுத்தப்பட்டது. நேட்டோ படை ஊருக்குள் இருந்தும் தடுக்கவில்லை. வீடிழந்தவர்களில் சில நூறு பேரை ஐ.நா. கொண்டுபோய் வைத்த இடங்கள் ஜித்கோவாட்ஸ், செஸ்மின் லுக், கப்லாரே. ட்ரெப்சா சுரங்க நிறுவனத்தின் ஈய உருக்காலையும் கழிவுமேடுகளும் இருக்கிற வட்டாரம். தற்காலிகம் என்றார்கள். செஸ்மின் லுக் முகாமை மூட 2010 ஆனது.

விஷயம் தெரியாமல் நடந்ததா? 2000 ஆகஸ்டிலேயே உருக்காலையைப் படையை வைத்து மூடினார்கள். அப்போது கொசோவோவை ஆண்ட ஐ.நா. நிர்வாகத்தின் தலைவராக இருந்த பெர்னார்ட் குஷ்னேர் தொழிலால் மருத்துவர். குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் காட்டித்தான் அதை நியாயப்படுத்தினார். ஆலைக்குப் பூட்டு, முகாம் மட்டும் அப்படியே. காவல் நின்ற சிப்பாய்களின் ரத்தத்திலும் ஈயம் ஏறியிருந்தது. அவர்கள் எந்தப் பேட்டரியை உருக்கினார்கள்?

சில குடும்பங்கள் உருக்கின, உண்மைதான். வேலை கொடுக்காத ஊரில் பழைய இரும்பும் பேட்டரியும்தான் காசு. அந்தப் புகை கெடுதலை இன்னும் கூட்டும். ஆனால் அடிப்படைச் சிக்கல் மண். கழிவுமேட்டுத் தூசி காற்றில் வந்து தரையில், பாயில், துவைத்துக் காயப்போட்ட துணியில் படியும். தவழும் பிள்ளை கையை வாயில் வைக்கும். பெரியவர் குடல் உள்ளே போன ஈயத்தில் பத்தில் ஒரு பங்கை ஏற்றால், சிறு குழந்தையின் குடல் பாதிவரை ஏற்கும். இரும்புச்சத்தோ கால்சியமோ குறைந்தால் இன்னும் அதிகம். முகாம் சாப்பாட்டில் இரண்டும் எங்கே இருக்கும்?

2004-ல் உலக சுகாதார நிறுவனம் ரத்தம் எடுத்துப் பார்த்தது. அன்றைய எச்சரிக்கை அளவு டெசிலிட்டருக்கு 10 மைக்ரோகிராம். கருவியால் காட்ட முடிந்த உச்சம் 65. சில பிள்ளைகளின் ரத்தம் அதையும் தாண்டியது. 45-க்கு மேல் போனாலே செலேஷன் மருந்து, அதாவது ஈயத்தை உடம்பிலிருந்து வெளியேற்றும் மருந்து, கொடுக்க யோசிப்பார்கள். 70 என்றால் உடனே ஆஸ்பத்திரி.

அடுத்து நடந்ததுதான் எனக்கு ஆறவே ஆறாது. 2006-ல் பலரை ஆஸ்டரோடுக்கு மாற்றினார்கள். பிரெஞ்சுப் படை காலி செய்த முகாம், செஸ்மின் லுக்கை ஒட்டியே இருக்கிறது! தரைக்கு கான்கிரீட் போட்டு, ஆபத்து குறைவு என்று சொல்லி, அங்கேயே மருந்தும் தொடங்கினார்கள். செலேஷன் மருந்து ஈயத்தைப் பிடித்து சிறுநீர் வழியே வெளியேற்றும். ஆனால் ஆள் ஈயத்தூசியிலேயே இருந்தால் ரத்த அளவு திரும்ப ஏறும். சில மருந்துகள் குடல் புதிதாக உறிஞ்சுவதையே கூட்டிவிடலாம். அதனால்தான் முதலில் இடத்தை மாற்று, பிறகு மருந்து என்பது பாலபாடம். 2007-ல் அந்தச் சிகிச்சை நின்றுபோனது.

வழக்குக்கும் வழியில்லை. ஆட்சி நடத்தியதே ஐ.நா.; அதற்கோ சட்டப் பாதுகாப்பு. ஐ.நா. நிர்வாகமே அமைத்த மனித உரிமை ஆலோசனைக் குழு 2016-ல் 138 பேரின் புகாரில் உரிமை மீறப்பட்டது என்று சொல்லி, நஷ்டஈட்டையும் பரிந்துரைத்தது. 2017-ல் ஐ.நா. தந்தது வருத்தமும், விரும்பிய நாடுகள் பணம் போடலாம் என்றொரு பொது நிதியும். பாதிக்கப்பட்டவர் கைக்கு நஷ்டஈடு இல்லை. ரத்தம் பரிசோதித்தது ஆளுக்கு ஆள், ஈடு மட்டும் பொதுவிலாம்!

ரத்தத்தில் ஈயம் மாதக்கணக்கில் இறங்கும். எலும்பில் பல பத்தாண்டு தங்கும். கர்ப்பத்தில் எலும்பு கரையும்போது அது மறுபடி ரத்தத்துக்கு வந்து, நஞ்சுக்கொடி தாண்டிக் கருவுக்குப் போகும். அந்த மண்ணில் விளையாடிய சிறுமிகள் இப்போது பிள்ளை பெறும் வயதில் இருக்கிறார்கள். கருவுற்றதுமே ரத்த ஈயப் பரிசோதனை, கால்சியம், இரும்பு, பிறக்கும் குழந்தைக்கும் பரிசோதனை. இதற்கு முகாமில் இருந்தவர்களின் பெயர்ப்பட்டியல் வேண்டும். பொது நிதியில் பெயர்களுக்கு இடமில்லை.