89 வயதில் தொடங்கியவர் அல்ல

"கார்மென் ஹெரேரா 89 வயதில்தான் தூரிகையைத் தொட்டார், நமக்கும் இன்னும் காலம் இருக்கிறது" என்று மேலே ஓர் அண்ணன் எழுதியிருக்கிறார். அண்ணே, 89 வயதில் நடந்தது முதல் ஓவிய விற்பனை, அது 2004. 1915இல் ஹவானாவில் பிறந்து, அங்கே கட்டடக்கலை படித்து, 1940களின் கடைசியிலேயே பாரிஸ் கண்காட்சிகளில் ஓவியம் வைத்தவர் அவர். பச்சையும் வெள்ளையும் மட்டும் கொண்டு 1959 முதல் 1971 வரை ஒரு வரிசையே வரைந்தார். ஓவியம் இருந்தது, வாங்கத்தான் ஆள் இல்லை.

அவர் ஓவியங்களில் நிறங்கள் கத்தியால் வெட்டியதுபோல நேர்கோட்டில் பிரியும். அப்படி வருமா என்று பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் நானும் ஓரத்துக்கு டேப் ஒட்டி ஒரு பச்சை முக்கோணம் போட்டுப் பார்த்தேன். நகத்தால் அழுத்தித் தேய்க்காத இடத்திலெல்லாம் பச்சை கசிந்து பல்லிளித்தது. அவருடைய கோடு அப்படியா இருக்கிறது? அப்புறம், நியூயார்க் விட்னி அருங்காட்சியகம் 2016இல் அவருக்குத் தனிக் கண்காட்சி வைத்தபோது வயது 101.