"வலிக்காது" என்று மட்டும் சொல்லாதீர்கள்

போன வருஷம் ஆடி மாதம் என் மகளுக்கு இதயத்தில் ஆபரேஷன் நடந்தது. அப்போது அவளுக்கு ஐந்து வயது. முந்தின நாள் ராத்திரி, "எதுக்கும்மா நாம இங்கே தங்கணும்?" என்று கேட்டாள். "சும்மா போட்டோ எடுக்கத்தான் பாப்பா. எடுத்ததும் வீட்டுக்குப் போயிடலாம். வலிக்கவே வலிக்காது" என்றேன். நம்பித் தூங்கிவிட்டாள்.

ஐசியுவில் அவள் கண் விழித்தபோது நெஞ்சின் நடுவில் நீளமாகக் கட்டு. அதற்குக் கீழே, உள்ளே கசிகிற ரத்தமும் நீரும் வெளியே வர வைத்த இரண்டு டிரெயின் டியூப். கழுத்தில் ஊசி. குழாய்களைப் பிடுங்கிவிடக் கூடாது என்று இரண்டு கைகளையும் துணியால் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். வெண்டிலேட்டர் குழாயை எடுத்துச் சில மணி நேரம்தான் ஆகியிருந்தது, தொண்டை கம்மிப்போயிருந்தது. என்னைப் பார்த்ததும் அழுவாள் என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனேன். அழவில்லை. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். இரண்டு நாள் சிஸ்டரிடம் பேசினாள், தரை துடைக்க வந்த அக்காவிடம் பேசினாள். என்னிடம் பேசவில்லை.

அந்த இரண்டு நாளுக்காகத்தான் இந்தப் பதிவு.

அவளுக்கு இருந்த கோளாறுக்கு டெட்ராலஜி ஆஃப் ஃபாலோ என்று பெயர். இதயத்தில் நான்கு குறைகள் ஒன்றாக வருவது. இரண்டு கீழறைகளுக்கும் நடுவே ஓட்டை, நுரையீரலுக்கு ரத்தம் போகும் வழியில் அடைப்பு, பெருந்தமனி இடம் மாறி ஓட்டைக்கு மேலே உட்கார்ந்திருப்பது, வலது கீழறைச் சுவர் தடித்துப்போவது. விளையாடிக்கொண்டே இருப்பாள், திடீரென்று குந்தி உட்காருவாள். களைப்பு என்று நினைத்தோம். அப்படிக் குந்தும்போது நுரையீரலுக்குக் கூடுதலாக ரத்தம் போகும், உடம்பே அதைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறது என்று பிறகுதான் டாக்டர் சொன்னார். அங்கன்வாடிக்குப் பரிசோதனைக்கு வந்த டாக்டர் குழுதான் அவள் உதட்டின் நீலத்தைப் பார்த்துவிட்டுச் சென்னைக்கு எழுதிக் கொடுத்தார்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கிறது, ஆபரேஷன் செலவு அதில் போய்விட்டது. கண்டுபிடிக்க ஆள் இருந்தது, பணத்துக்கு வழி இருந்தது, கைதேர்ந்த டாக்டர்கள் இருந்தார்கள். பிள்ளையிடம் என்ன சொல்லிக் கூட்டிப்போக வேண்டும் என்பதைத்தான் யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

நம் வீடுகளில் பிள்ளையிடம் பொய் சொல்வதை யாரும் பொய்யாகவே நினைப்பதில்லை. பயந்துவிடுமே என்ற பாசத்தில் சொல்கிறோம். ஆனால் ஆபரேஷன் முடிந்த பிறகு நடக்கிற ஒவ்வொன்றுக்கும் பிள்ளையின் சம்மதம் வேண்டியிருக்கிறது. வலிக்குப் பயந்து மூச்சை மேலோட்டமாக விட்டால் நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கி, சளி கட்டி, காய்ச்சல் வரும். அதனால் நன்றாக இழுத்து மூச்சு விடவேண்டும், இருமவேண்டும், எழுந்து நடக்கவேண்டும். நெஞ்செலும்பை அறுத்துக் கம்பியால் கட்டியிருக்கிற பிள்ளைக்கு இருமுவது எவ்வளவு பெரிய வேலை! "இருமு பாப்பா, ஒண்ணும் ஆகாது" என்று சொன்னால் அவள் ஏன் நம்பவேண்டும்? நேற்று "வலிக்காது" என்று சொன்னதும் அதே வாய்தானே.

இரண்டாம் நாள் ராத்திரி டியூட்டியில் இருந்த மூத்த சிஸ்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "நாளைக்கு டியூப் எடுப்பாங்கம்மா. வலிக்கும்னு நீங்களே முன்னாடி சொல்லிடுங்க. எவ்வளவு நேரம்னும் சொல்லுங்க" என்றார். எனக்குக் கை நடுங்கியது. காலையில் போய்ச் சொன்னேன். "பாப்பா, இன்னைக்கு இந்தக் குழாயை எடுக்கப் போறாங்க. எடுக்கும்போது வலிக்கும். நீ பத்து எண்றதுக்குள்ள முடிஞ்சிரும். அன்னைக்கு அம்மா உன்கிட்ட பொய் சொல்லிட்டேன். தப்புதான்."

ஒன்றும் சொல்லவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். குழாயை உருவும்போது வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினாள். ஆனால் கத்திக்கொண்டே எண்ணினாள். ஏழிலேயே முடிந்துவிட்டது. "ஏழுதாம்மா" என்றாள். மூன்று நாளில் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது.

அதற்கப்புறம் எல்லாம் சுலபமாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். தண்ணீர் விஷயம் மட்டும் என்னை உலுக்கிவிட்டது. இதய ஆபரேஷனுக்குப் பிறகு உடம்பில் நீர் தங்கக் கூடாது என்று ஒரு நாளைக்கு இவ்வளவு மில்லிதான் என்று கட்டுப்படுத்தி வைப்பார்கள், சிறுநீரையும் அளப்பார்கள். உதடு காய்ந்துபோய் "ஒரே ஒரு வாய்" என்று பிள்ளை கெஞ்சும்போது தாய்க்கு வேறு என்ன வேதனை வேண்டும். இந்த முறை நான் ஏமாற்றவில்லை. அன்றைய அளவை ஒரு பாட்டிலில் ஊற்றி அவள் கண் முன்னாலேயே வைத்தேன். "இதுதான் இன்னைக்கு முழுக்க. எப்போ வேணும்னு நீயே சொல்லு." மருந்து மூடியில் ஊற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தாள். சாயங்காலத்துக்கு என்று மிச்சம்கூடப் பிடித்து வைத்தாள். ஐந்து வயதுப் பிள்ளை! அப்போது பார்க்க வந்த ஒரு உறவுக்காரர், நான் மருந்து வாங்கப் போன நேரத்தில் பாவம் பார்த்து ஜூஸ் கொடுக்கப் பார்த்திருக்கிறார். "சிஸ்டரைக் கேக்கணும்" என்று இவளே மறுத்துவிட்டாளாம்.

பார்க்க வருகிறவர்களிடம் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வேண்டாம், சளி இருமல் இருந்தால் வரவே வேண்டாம். வந்தால் "சாப்பிடலைன்னா டாக்டர் வந்து பெரிய ஊசி போட்டுருவார்" என்று மிரட்டாதீர்கள். அந்த டாக்டர் கையில்தான் பிள்ளை தினமும் இருக்கிறாள். தலைமாட்டில் நின்றுகொண்டு யாருக்கோ இதே ஆபரேஷன் ஆகி என்ன ஆயிற்று என்று பேசாதீர்கள். கண்ணை மூடிக்கொண்டிருக்கிற பிள்ளை தூங்குவதாக நினைக்கவே நினைக்காதீர்கள்.

"சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும், மறந்துரும்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஒரு காலத்தில் மருத்துவர்களிலேயே பலர் அப்படி நினைத்தவர்கள்தான். பச்சிளங்குழந்தைகளுக்கு வலி பெரிதாகத் தெரியாது, வலி மருந்துதான் ஆபத்து என்று நம்பி, உடம்பை அசையாமல் வைக்கிற மருந்தும் லேசான மயக்க வாயுவும் மட்டும் கொடுத்து ஆபரேஷன் செய்திருக்கிறார்கள். ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த கன்வல்ஜீத் ஆனந்தும் அவருடன் இருந்தவர்களும் 1987-ல் லான்செட் மருத்துவ இதழில் எழுதிய ஆய்வு அதை அசைத்தது. இதய ரத்தக்குழாய் ஆபரேஷன் செய்த குறைமாதக் குழந்தைகளில், வலி மருந்தும் சேர்த்துக் கொடுத்த குழந்தைகளுக்குப் பின்விளைவுகள் குறைவாக இருந்தன. குழந்தையின் வலியைப் பொருட்படுத்துவதும் வைத்தியத்தில் ஒரு பகுதிதான். இப்போது ஆறு முகம் வரைந்த ஒரு அட்டை இருக்கிறது. சிரிக்கிற முகத்திலிருந்து அழுகிற முகம் வரை 0 முதல் 10 வரை எண் போட்டிருக்கும். மூன்று வயதுப் பிள்ளைகூட அதைத் தொட்டுக் காட்டும். எங்கள் வார்டில் அதைக் காட்டினார்கள். "எட்டு" என்று தொட்டாள். உடனே மருந்து வந்தது. தான் சொன்னதை நம்புகிறார்கள் என்று அவளுக்குப் புரிந்த நேரம் அதுதான் என்று நினைக்கிறேன்.

மருத்துவமனைகளிடமும் ஒரு கோரிக்கை உண்டு. எங்களை ஐசியுவுக்குள் விட்டது காலையில் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம். தொற்று பயம் நியாயமானது, மறுக்கவில்லை. கையைக் கழுவச் சொல்லுங்கள், மேலங்கி கொடுங்கள், ஓரமாக ஒரு ஸ்டூல் போடுங்கள். இங்கிலாந்தில் 1959-லேயே, அரசு தரப்பில் அமைத்த பிளாட் குழுவின் அறிக்கை, மருத்துவமனையில் இருக்கும் பிள்ளையைப் பெற்றவர்கள் எந்நேரமும் வந்து பார்க்க விடவேண்டும் என்று சொல்லிவிட்டது. மயக்கம் தெளிகிற பிள்ளை முதலில் தேடுவது தெரிந்த முகத்தைத்தான். அந்த நேரத்தில் நான் வராண்டாவில் பாயில் உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகும் கொஞ்ச நாள் பிடிக்கும். ஆறு வாரம் அக்குளில் கை கொடுத்துத் தூக்கக் கூடாது, முதுகுக்கும் இடுப்புக்கும் கீழே கை கொடுத்துத்தான் தூக்கவேண்டும். படுக்கையை நனைத்தாள், ராத்திரி அலறி எழுந்தாள், விட்டுப்போயிருந்த விரல் சூப்பும் பழக்கம் திரும்ப வந்தது. ஆச்சி கண்டிக்கப் போனார். வேண்டாம் அத்தே, தானாகப் போகும் என்று தடுத்துவிட்டேன். போய்விட்டது.

இப்போது தெருவில் ஓடுகிறாள், நடுவில் குந்துவதில்லை. அடுத்த மாதம் எக்கோ, அதாவது இதய ஸ்கேன், பார்க்கக் கூட்டிப் போகவேண்டும். நேற்றே கேட்டுவிட்டாள், "எக்கோ வலிக்காது, தெரியும். ரத்தம் எடுப்பாங்களா?" எனக்குத் தெரியவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுக் கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறேன். திங்கட்கிழமை கேட்கவேண்டும்.